யாரு சாடை

கேட்டுவிட்டு இளவேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. வால்பாறையை விட்டுக் கிளம்பிய பேருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உறுமிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்து முகர்ந்தபடி, ஏதோ தண்ணீர் பாட்டிலைக் கேட்பது போலக் கேட்டாள். "அப்ப நான் யாருக்கும்மா சொந்தம்?" செல்வநாயகியின் காதில் அது விழுந்தது. விழாதவள் போலப் பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்து உள்ளே இருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள். பொள்ளாச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் அவள். எந்த உயிர் எதற்குச் சொந்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். திமிங்கலம் யாருக்குச் சொந்தம், நீர்யானைக்கு. கறையான் யாருக்குச் சொந்தம், கரப்பான்பூச்சிக்கு. பக்கத்து இருக்கையில் கால் எட்டாமல் செருப்பை ஆட்டிக்கொண்டிருக்கும் இந்த எட்டு வயசுக்காரி யாருக்குச் சொந்தம்? "சொல்றேன் கண்ணு. மொதல்ல மலை எறங்கட்டும். பேசுனா உனக்கு ஒமட்டும்" என்றாள். குழந்தை கண்ணாடியில் மூச்சை ஊதி அதில் விரலால் ஒரு கோடு போட்டாள். சும்மா கேட்டிருப்பாளா, யாராவது சொல்லிவிட்டிருப்பார்களா, பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்திருக்குமா, இல்லை எல்லாம் இன்றைக்குக் காலையில் நானே என் வாயால் இழுத்துவிட்டுக்கொண்டதுதானா?

நானேதான். அந்த வாய்க்காலுக்குப் போயிருக்காவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது. நேற்று ரெஜினா போன் செய்திருந்தாள். ரெஜினா அவளிடம் படித்தவள், இப்போது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "மேடம், வாய்க்கா வெட்டுன எடத்துல ஒரு பாம்பு முட்டையச் சுத்திக்கிட்டுக் கெடக்குது. அடிக்கப் போனாங்க, நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். எனக்கென்னமோ அது பாம்புன்னு தோணல" என்றாள். கணவர் நல்லசிவத்துக்கு வங்கியில் வேலை இருந்ததால் குழந்தையையும் கூட்டிக்கொண்டு காலை முதல் பேருந்தில் மலையேறிவிட்டாள். ரெஜினா ஈரமண்ணை விரலால் மெல்ல விலக்கினாள். உள்ளே அது சுருண்டிருந்தது. கத்திரிக்காய்த் தோல் போன்ற கருநீலம், உடம்பு முழுக்க மெல்லிய வளையங்கள், பக்கவாட்டில் மஞ்சளாக ஒரு பட்டை. கால் இல்லை, செதில் கண்ணுக்குத் தெரியவில்லை, கண் இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி. சுருளுக்கு நடுவே ஊறவைத்த ஜவ்வரிசி போல முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒன்று புரண்டுகொண்டிருந்தது. வகுப்பில் ஃபார்மலின் ஜாடிக்குள் வெளுத்துப்போனதைத்தான் இத்தனை வருஷமாகக் காட்டியிருக்கிறாள். உயிரோடு, காவலாக, மூச்சு வாங்கிக்கொண்டு இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. முழங்கால் சேற்றில் புதைந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். இக்தியோஃபிஸ். மீன்பாம்பு என்று அர்த்தம். எவனோ கண்ணால் பார்த்ததை வைத்து வைத்த பேர். மீனும் இல்லை, பாம்பும் இல்லை, ஆனாலும் பேர் நிலைத்துவிட்டது. "இது பாம்பாம்மா?" என்று இளவேனில் கேட்டாள். "இல்ல. தவளைக்குச் சொந்தம்." "தவளையாட்டமே இல்லியே?" அப்போதுதான் அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். முதலாமாண்டு மாணவிகளுக்கு ஒவ்வொரு ஜூனிலும் சொல்கிற வாக்கியம், மனசைக் கேட்காமல் தானாக வாயில் வந்துவிடுகிற வாக்கியம். "சாடைய வெச்சு சொந்தம் சொல்லக் கூடாது கண்ணு. யாரு வயித்துல யாரு பொறந்தாங்கன்னு பாத்துத்தான் சொல்லோணும்." ரெஜினா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியும். குழந்தையோ மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி மண்ணை மூடி, மேலே வாழைமட்டையைப் போட்டு, வாய்க்காலை ஒரு முழம் தள்ளி வெட்டிக்கொள்வதாக ஆட்கள் ஒப்புக்கொண்டபோதும், ரெஜினா வீட்டில் இட்லி தின்றபோதும் இளவேனில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கேள்வி குழந்தைக்குள் எவ்வளவு நேரம் முட்டைபோலக் கிடந்து புரளும் என்று யார் கண்டார்கள்?

அட்டகட்டி தாண்டியதும் பேருந்து கொண்டை ஊசி வளைவுகளுக்குள் இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறு பக்கம் சாய்ந்தது. சாடை. அந்த வார்த்தையைத்தான் எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் எதிரே இருக்கிறவர்கள் குழந்தையின் முகத்தை மேய்வார்கள். "யாரு சாடைங்க, உங்களையாட்டமும் இல்ல, அவரையாட்டமும் இல்ல?" சுருட்டை முடி, நல்ல கறுப்பு, சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் விழும் குழி. செல்வநாயகி ஈர்க்குச்சி போல ஒல்லி, நல்லசிவத்துக்கு நெற்றியே தலையில் பாதி. "எங்க அத்தை ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க சாடைங்க" என்று ஒருமுறை வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். அப்படி ஓர் அத்தை இருந்ததே இல்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பே தெரியவில்லை. இன்னொரு கல்யாணத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் நல்லசிவத்திடம், "மாப்ள எந்தக் கூட்டம்?" என்று குலத்தை விசாரித்தார். "காடைங்க." "அப்படியா, நாங்க ஆந்தை." உடனே இரண்டு பேர் முகத்திலும் ஒரு தெளிவு வந்துவிட்டது, யாரை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரிந்துவிட்ட தெளிவு. காடைக் கூட்டம், ஆந்தைக் கூட்டம். எந்தக் காடையும் வந்து எங்கள் பேரை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டதில்லை. அவருடைய பார்வை அடுத்ததாக, நாற்காலிக் காலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்த குழந்தையின் மேல் விழுந்தது. செல்வநாயகி எழுந்து போய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், தூக்குகிற வயசு அவளுக்குத் தாண்டியிருந்தும். இதில் எந்தப் பெரியவரையும் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. மறுநாள் காலையில் கரும்பலகைக்கு முன் நின்று அவளும் அதையேதான் செய்கிறாள். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம். குடும்பம் என்று எழுதும்போது மட்டும் சுண்ணக்கட்டி கீச்சிடுவதாக அவளுக்குத் தோன்றும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை ஒரே மூதாதையிலிருந்து வந்தவை, எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது தலைகள் குனிந்து எழுதிக்கொள்ளும். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் அவளுக்காகக் காத்திருக்கும், அவள் எழுதிப்போட்ட எந்த விதிக்கும் அடங்காத ஒன்று.

அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. முதல் தடவை தங்காதபோது எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள், இரண்டாவது தடவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அவளுக்கு வந்த நினைப்பை இதுவரை நல்லசிவத்திடம்கூட அவள் சொன்னதில்லை. அழுகைகூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு படம். வகுப்பில் தான் வரைகிற உயிர்மரம். அதில் சில கிளைகள் மேலே போகாமல் நடுவிலேயே நின்றுவிடும், அங்கே சின்னதாக ஒரு குறுக்குக்கோடு போட்டுவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடுவாள். இவ்வளவு தூரம் வந்து என்னிடம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி அதை நினைத்தாள். அதற்கப்புறம் கோயம்புத்தூரில் ஒரு குழந்தைகள் இல்லம், அங்கே பச்சைத் துணித் தொட்டிலில் எட்டு மாதத்தில் இவள், கையை நீட்டியதும் மூக்குக் கண்ணாடியைப் பிடித்திழுத்து வாயில் வைத்துக்கொண்டவள். "சின்ன வயசுலேயே சொல்லிருங்க, கதையாட்டம் சொல்லிச் சொல்லிப் பழக்குங்க" என்று அங்கிருந்த அம்மா சொல்லி அனுப்பினார்கள். நல்லசிவம், பத்து வயசு ஆகட்டும் என்றார். அவளும் சரி என்றாள், அவர் சொன்னதாலா? பயத்தாலா? பயம்தான். இவளைப் பெற்ற அந்தப் பொம்பளையைப் பற்றிய பயம். முகம் தெரியாத அந்த ஒருத்தி. உக்கடம் பேருந்து நிலையத்தில் சுருட்டை முடியோடு எவளாவது கடந்துபோனால் செல்வநாயகி குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். சிரிக்கட்டும், கன்னத்தில் குழி விழுகிறதா பார்ப்போம் என்று நின்று பார்த்திருக்கிறாள். குழி விழுந்தால் என்ன செய்வாய்? ஓடுவாய். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். ஒரு நாள் அவள் கதவைத் தட்டி, சாடையைப் பாருங்கள், யாருடையது என்று உங்களுக்கே தெரியவில்லையா என்று கேட்டுவிட்டால்? பாடப்புத்தகம் அவள் பக்கம். கல்லூரி முழுக்க அவள் பக்கம். உன் வாக்கியமே அவள் பக்கம்.

பேருந்து சட்டென்று நின்றது. "ஆடு, ஆடு!" என்று முன் இருக்கையில் யாரோ கூவினார்கள். ஒன்பதாவது வளைவின் கைப்பிடிச் சுவரில் வரையாடு ஒன்று நின்றிருந்தது, அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி. கீழே ஆழியாறு அணை ஒரு துண்டுக் கண்ணாடி போலக் கிடந்தது. ஓட்டுநர் அவசரப்படவில்லை. அவருக்கு இது தினமும் நடக்கிறது. இளவேனில் எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள், செல்வநாயகியும் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். இந்த ஆட்டை நூறு வருஷத்துக்கு மேலாக இமயமலை வரையாட்டோடு ஒரே பெட்டியில் வைத்திருந்தார்கள். பார்த்தால் அப்படித்தான் தெரியும். பிறகு உயிரணுவுக்குள் இருக்கிற டி.என்.ஏ. எழுத்தை எடுத்துப் படித்தபோது, இது செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்தது. பேரை மாற்றினார்கள். ஆட்டுக்கு ஒன்றும் தெரியாது. அது குட்டியை மோந்து பார்த்துவிட்டுப் புல்லைக் கடித்தது. எழுத்து. அந்த எழுத்தை யார் எழுதியது? அம்மாக்காரிகள். ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி கைக்கு. இந்தக் குட்டிக்கு முன்னால் இந்த ஆடு, இதற்கு முன்னால் இதன் தாய், அதற்கும் முன்னால் அதன் தாய், அப்படியே போனால் ஓரிடத்தில் செம்மறியும் இதுவும் ஒரே மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும். இன்னும் போ. மாடும் மானும் வந்து அந்த மடியில் சேரும். இன்னும் போ, திமிங்கலம் வரும், நாய் வரும், வௌவால் வரும், நாமும் வருவோம். பாலூட்டிகள் என்று நான் கரும்பலகையில் எழுதுகிறேனே, அது ஒரு பெட்டியின் பேர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒருத்தியா, ஒரு மந்தையா, எப்போதோ எங்கேயோ உடம்பிலிருந்து கசிந்த ஈரத்தைக் குட்டிக்கு நக்கக் கொடுத்தவர்களின் பேர் அல்லவா அது. வகுப்பு, வரிசை, குடும்பம், எல்லாமே ஒவ்வொரு பிரசவம். இன்னும் போனால் காடையும் ஆந்தையும்கூட வந்து சேரும். அந்தப் பெரியவர் சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். முப்பது கோடி வருஷம் பின்னால் போனால் நாமும் காடைக் கூட்டம்தான். அதற்கும் கீழே ஈரமண்ணில் முட்டை வைத்தவர்கள், அதற்கும் கீழே சேற்றில் துடுப்பை ஊன்றி மூச்சுக்கு வாயைப் பிளந்தவர்கள், அதற்கும் கீழே கடல், கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இரண்டாகிறது. அங்கிருந்து இந்த ஜன்னல் வரைக்கும் ஒருத்திகூடத் தவறவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. வெள்ளம் வந்திருக்கும், பனி மூடியிருக்கும், வானத்திலிருந்து கல் விழுந்து பாதி உலகம் எரிந்திருக்கும். கோடி கோடிப் பேர் பாதியில் போயிருப்பார்கள். ஆனால் இந்தச் சுருட்டை முடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறவர்களில் ஒருத்திகூட, ஒரே ஒருத்திகூட, பெறாமல் போகவில்லை. அந்த வரிசையில் கடைசியாக நிற்கிறவள் யார்? குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு நிற்கிறவள். கதவைத் தட்டுவாள் என்று நான் பயந்தேனே, அவள். முந்நூறு கோடி வருஷத்துக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி வந்ததைக் கீழே போடாமல் கொண்டுவந்து அந்தப் பச்சைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் போனவள். சொல்ல முடியாத என்னென்ன அவளுக்கு நடந்ததோ. கையெடுத்துக் கும்பிட வேண்டியவளைக் கண்டு ஓடவா நினைத்தேன்? என் வரிசையும் அதேபோலத்தானே வந்தது, அதே கடலிலிருந்து, ஒருத்திகூடத் தவறாமல், என் வரைக்கும். அவளும் நானும் எங்கே பிரிந்திருப்போம்? சில நூறு தாய்மார்களுக்கு முன்னால், மிஞ்சிப்போனால் சில ஆயிரம். கரும்பலகையில் முழு மரத்தையும் வரைந்தால் அந்த இடைவெளி சுண்ணக்கட்டியின் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். அதை வரைய உலகத்தில் எந்தக் கையாலும் முடியாது.

ஆடு சுவரிலிருந்து குதித்துப் பாறைச் சரிவில் மறைந்தது, குட்டியும் பின்னாலேயே போனது. பேருந்து நகர்ந்தது. இளவேனில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது, உமட்டலைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள். செல்வநாயகி துண்டை நனைத்து அவள் கழுத்தைத் துடைத்தாள்.

"மலை எறங்கட்டும்னு சொன்னியே" என்றாள் குழந்தை. "பாதிக்கு மேல எறங்கியாச்சு."

"ஆமா." கதையாட்டம் சொல்லும்படி இல்லத்து அம்மா சொல்லியிருந்தார்கள், செல்வநாயகிக்கு ஒரு கதையும் வரவில்லை. "கண்ணு, நீ என்ற வயித்துல பொறக்கல. வேற ஒரு அம்மா உன்னையப் பெத்தாங்க. நீ எட்டு மாசப் பாப்பாவா இருந்தப்ப நானும் அப்பாவும் போயி உன்னையக் கூட்டிட்டு வந்தோம். அன்னைலேருந்து நீ எங்க பொண்ணு."

எல்லாம் அவ்வளவுதான். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்தது ஒரு வளைவு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. இளவேனில் அழவில்லை. செருப்பு ஆடுவது நின்றிருந்தது.

"எங்க கிளாஸ் தர்ஷினி சொன்னா" என்றாள் மெதுவாக. "உங்கம்மாவாட்டம் நீ இல்லன்னு. நான் அவள அடிச்சுட்டேன்."

"எப்போ?"

"முழுப் பரிச்சைக்கு முன்னாடியே."

இத்தனை நாள். இத்தனை நாள் இவளும் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, என்னைப் போலவே வாயைத் திறக்காமல். யாரு சாடை என்று கேட்டவர்களே, இதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். செல்வநாயகி அவளை அணைக்கப் போனாள். குழந்தை இன்னும் முடிக்கவில்லை என்பது போலக் கையை நீட்டித் தடுத்தாள்.

"அவங்க எங்கிருக்காங்க?"

"தெரியாது சாமி."

"பேரு?"

"அதுவுந் தெரியாது." உலகத்திலிருக்கிற ஊர்வன, பறப்பன எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டாக அறிவியல் பேர் சொல்லத் தெரிந்தவள், ஒரே ஒரு பேர் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அது தெரியாமல் போனதற்காக முதல்முறையாக அவளுக்கு வருத்தமாக இருந்தது.

வளைவுகள் முடிந்து காற்றில் சூடு ஏறத் தொடங்கியிருந்தது.

"அவங்களுக்கு என் பேரு தெரியுமா?"

"தெரியாதே கண்ணு. நாங்கதான வெச்சோம்."

"பாவம்" என்றாள் இளவேனில். பிறகு எழுந்து, ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் தள்ளி, கம்பியில் முகத்தை அழுத்தி, எதிரே விரிந்து கிடந்த சமவெளியை நோக்கி, தென்னந்தோப்புகளையும் அவற்றுக்கு அப்பால் தெரிந்த ஊர்களையும் பார்த்து, தன் பேரைத் தானே கத்தினாள். "இளவேனி...ல்!" பேருந்தே திரும்பிப் பார்த்தது. நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "யாரக் கூப்புடுது பாப்பா? கைய வெளிய நீட்டாத சாமி."

"எங்கம்மாகிட்டச் சொல்றேன்" என்றாள் அவள் திரும்பாமல். மறுபடியும் கத்தினாள். குரல் உடைந்து இருமல் வந்தது. செல்வநாயகியைப் பார்த்து, "கேக்காதும்மா, என் சத்தம் பத்தல. நீயுஞ் சொல்லு" என்றாள்.

செல்வநாயகி எழுந்தாள். முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, சுருட்டை முடிக்கு மேலாகக் கம்பியில் தன் முகத்தையும் வைத்து, வகுப்பில் ஒரு நாளும் எழுப்பாத குரலில், மகளின் பேரைச் சொல்லிக் கூவினாள்.